மூன்று ஐசி மாற்றியும் படபடக்கும் ரிலே

கேள்வி: நான் இளங்கலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி. வீட்டுக் கொலுவில் 12 வோல்ட் எல்இடி பட்டை விளக்கை வினாடிக்கு ஒருமுறை விட்டு விட்டு எரியவைக்க, 555 என்னும் டைமர் ஐசியைக் கொண்டு (குறித்த கால இடைவெளியில் வெளியீட்டை மாற்றும் சில்லு) பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் துளைப் பலகை) ஒரு மின்சுற்று அமைத்தேன். 9 வோல்ட் பேட்டரியில் சிறிய எல்இடி ஒன்றை மட்டும் இணைத்தபோது அது ஒழுங்காக எரிந்து அணைந்தது. பிசி 547 டிரான்சிஸ்டர் வழியாக 5 வோல்ட் ரிலேயைச் (சுருளில் மின்சாரம் ஓடினால் காந்தமாகி இழுத்துக்கொள்ளும் சுவிட்ச்) சேர்த்ததும், ரிலே வினாடிக்கு ஐந்தாறு முறை படபடவென்று அடித்துக்கொள்கிறது. சில நேரம் கர்ரென்று இரைகிறது. இடையில் ஒரு டிரான்சிஸ்டரும் போய்விட்டது. மூன்று ஐசி மாற்றிப் பார்த்தேன். பேட்டரியையும் மல்டிமீட்டரில் அளந்தேன், 9.1 வோல்ட் காட்டுகிறது. கடையில் போலி ஐசி கொடுத்துவிட்டார்களா? இது சரியானால், 230 வோல்ட் சீரியல் செட்டையும் இதே ரிலேயில் இணைக்கலாமா?

பதில்:

வணக்கம். வரைபடத்தையும் ரெசிஸ்டர் (மின்தடை), கெப்பாசிட்டர் (மின்தேக்கி) மதிப்புகளையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. பலர் "வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி மட்டும் எழுதி அனுப்புவார்கள். எது வேலை செய்தது, எதைச் சேர்த்த பிறகு கெட்டது என்று நீங்கள் வரிசையாக எழுதியிருப்பதால், பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

ஐசி போலியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கான சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதே ஐசி எல்இடியை வினாடிக்கு ஒருமுறை பிசகாமல் எரியவைத்தது. நீங்கள் போட்டிருக்கும் 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட் ஆகிய மதிப்புகளுக்குக் கணக்குப்படி வரவேண்டிய காலமும் ஏறத்தாழ ஒரு வினாடிதான். மூன்று ஐசிகளும் ஒரே விதமாகத் தவறு செய்கின்றன என்றால், மூன்றும் கெட்டவை என்று கொள்வதைவிட, மூன்றுக்கும் பொதுவான வேறொன்றில் கோளாறு இருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். பழுது பார்க்கும் மேசையில் நான் மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான்: சுற்றில் விளங்காத பாகம் ஐசி என்பதால் சந்தேகம் முதலில் அதன்மேல் விழுகிறது, பழகிய பேட்டரியை ஒருவரும் சந்தேகிப்பதில்லை.

நீங்கள் பேட்டரியை அளந்தீர்கள், உண்மைதான். ஆனால் அதைக் கழற்றி, முனைகளில் மீட்டரை வைத்து அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மல்டிமீட்டரின் வோல்ட் அளவை பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சும்மா நிற்கும் மாட்டைப் பார்த்து அது வண்டி இழுக்குமா என்று சொல்ல முடியாததுபோல, அந்த 9.1 வோல்ட் பேட்டரியின் வலிமையைச் சொல்லாது. ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்ளே ஒரு மின்தடை உண்டு. சாதாரணக் கார்பன் வகை 9 வோல்ட் பேட்டரி சற்றுப் பழகிவிட்டால் இது பல பத்து ஓம்களுக்கு ஏறிவிடும். எல்இடி இழுத்தது 10 மில்லி ஆம்பியர்தான். அதற்கு அரை வோல்ட் போலக் குறைந்திருக்கும், உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. 5 வோல்ட் ரிலேயின் சுருள் பெரும்பாலும் 70 ஓம். அந்தச் சுருள் இழுக்கும் கணத்தில் பேட்டரி 5 வோல்ட்டுக்கோ அதற்கும் கீழோ படுத்துவிடும். ரிலே விட்டதும் மறுபடி 9 வோல்ட்டுக்கு எழுந்துவிடும்.

இந்த எழுதலும் படுத்தலும் எப்படிப் படபடப்பாக மாறுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்; புரிந்துகொண்டால் 555 கொண்டு செய்யும் எந்தச் சுற்றிலும் உதவும். ஹான்ஸ் கேமன்சிண்ட் என்பவர் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக 1971-இல் வடிவமைத்து 1972-இல் சந்தைக்கு வந்த இந்த ஐசிக்குள், ஒரே மதிப்புள்ள மூன்று மின்தடைகள் தொடராக இருந்து, சப்ளை மின்னழுத்தத்தை மூன்று பங்காக்குகின்றன. வெளியில் உள்ள கெப்பாசிட்டர் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினால் 3-ஆம் காலின் வெளியீடு மேலே ஏறும். மூன்றில் இரண்டு பங்குக்கு ஏறினால் வெளியீடு கீழே இறங்கும். சப்ளை 6 வோல்ட்டானாலும் 12 வோல்ட்டானாலும் எல்லைகளும் அதே விகிதத்தில் நகர்வதால் காலம் மாறுவதில்லை. 555-இன் பெரும் சிறப்பு இது. ஆனால் சப்ளை ஒரு சுற்றின் முழு நேரமும் நிலையாக இருந்தால்தான் இந்தச் சிறப்பு செல்லுபடியாகும்.

உங்கள் மேசையில் நடப்பதைப் பாருங்கள். சப்ளை 9 வோல்ட்டில் இருக்கும்போது கெப்பாசிட்டர் 3 வோல்ட்டுக்கு இறங்குகிறது. வெளியீடு ஏறி ரிலே இழுக்கிறது. உடனே சப்ளை 5 வோல்ட்டுக்குப் படுக்கிறது. மேல் எல்லை 6 வோல்ட்டாக இருந்தது, இப்போது 3.3 வோல்ட்டாகிவிட்டது. கெப்பாசிட்டர் 3 வோல்ட்டிலிருந்து 6 வரை நிதானமாக ஏறியிருக்க வேண்டும், 3.3-ஐத் தொட்டதுமே வெளியீடு விழுந்து ரிலே விட்டுவிடுகிறது. சப்ளை மீண்டும் 9-க்கு எழ, கீழ் எல்லை மறுபடி 3 வோல்ட்டாகிறது; கெப்பாசிட்டரோ 3.3-இல் நிற்கிறது, கொஞ்சம் இறங்கினால் போதும், ரிலே திரும்ப இழுத்துக்கொள்ளும். மூன்று வோல்ட் தூரம் நடக்க வேண்டிய கெப்பாசிட்டர் 0.3 வோல்ட் தூரத்துக்குள் முன்னும் பின்னும் போய்வருகிறது. உங்கள் மதிப்புகளை இட்டுக் கணக்கிட்டால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.2 வினாடி, அதாவது வினாடிக்கு ஐந்து முறை. நீங்கள் காதால் எண்ணி எழுதிய எண்ணும் அதுவே. சப்ளை 4.5 வோல்ட்டுக்குப் படுத்தால் மேல் எல்லையும் 3 வோல்ட்டாகி, பழைய கீழ் எல்லையின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். அப்போது நடக்கத் தூரமே இல்லாததால் கர்ரென்ற இரைச்சல்தான் வரும். சாதாரண 555 வேலை செய்யக் குறைந்தபட்சமாக வேண்டிய சப்ளையும் அந்த 4.5 வோல்ட்தான்.

என் சொல்லை நம்பி எதையும் மாற்ற வேண்டாம்; அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசி அளவையில் வைத்து, கருப்பு முனையை ஐசியின் 1-ஆம் காலிலும் சிவப்பு முனையை 8-ஆம் காலிலும் தொடுங்கள். பேட்டரியின் முனையிலோ பிரெட்போர்டின் ஓரப் பட்டையிலோ தொடுவது போதாது, ஐசியின் உலோகக் காலையே தொட வேண்டும். பிறகு 3-ஆம் காலிலிருந்து டிரான்சிஸ்டருக்குப் போகும் கம்பியைப் பிடுங்கி, டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் காலான பேஸுக்குப் போகும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரின் அந்த முனையை நேரே பாசிட்டிவ்வுடன் இணையுங்கள். ரிலே இழுத்த நிலையில் நின்றுவிடும். எண்களும் துள்ளாமல் நிற்கும். அப்போது மீட்டர் 5 வோல்ட்டுக்கு அருகில் காட்டினால் கோளாறு எங்கே என்பதில் ஐயம் இல்லை. இன்னொரு சோதனையும் உண்டு: ரிலேக்கு மட்டும் தனியாக நான்கு பென் டார்ச் செல்களை, மொத்தம் 6 வோல்ட், கொடுத்து, இரண்டு சப்ளைகளின் நெகட்டிவ் முனைகளையும் ஒன்றாக இணையுங்கள். படபடப்பு நின்று, ரிலே வினாடிக்கு ஒருமுறை டிக்கென்று ஒழுங்காக அடித்தால், ஐசியும் டிரான்சிஸ்டரும் குற்றமற்றவை. நெகட்டிவ்களை இணைக்க மறந்தால் ரிலே அசையவே அசையாது. புதியவர்களில் பாதிப்பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

அப்படியானால் புதிய ஆல்கலைன் பேட்டரி வாங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். நல்ல பேட்டரி 9 வோல்ட்டைத் தாங்கி நின்றால், 70 ஓம் சுருளில் ஏறத்தாழ 120 மில்லி ஆம்பியர் ஓடும்; பிசி 547-இன் உச்ச வரம்பு 100 மில்லி ஆம்பியர். 5 வோல்ட்டுக்காகச் சுற்றிய சுருளும் வேண்டியதைப் போல் மூன்று மடங்கு சக்தியை வாங்கிச் சுடும். ஒரு வகையில், உங்கள் பேட்டரி சோர்ந்திருந்ததுதான் மற்ற பாகங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி, போய்விட்ட அந்த டிரான்சிஸ்டர். உங்கள் வரைபடத்தில் ரிலே சுருளின் குறுக்கே டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லை. சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால், அதில் தேங்கிய ஆற்றல் வெளியேற வழி தேடி, டிரான்சிஸ்டரில் சுருள் இணைந்திருக்கும் கலெக்டர் முனையில் நொடிப்பொழுதுக்கு மிக உயர்ந்த மின்னழுத்தத்தை எழுப்பும். பிசி 547 தாங்குவது 45 வோல்ட்தான். வினாடிக்கு ஐந்து முறை இந்த அடியை வாங்கிய டிரான்சிஸ்டர் இறந்ததில் வியப்பில்லை. மேலும், இந்த அடியின் அதிர்வு சப்ளை வழியாக ஐசிக்கும் போய் அதையும் குழப்பும். 1என்4007 டையோடு ஒன்றைச் சுருளின் இரு முனைகளுக்குக் குறுக்கே இணையுங்கள்; வெள்ளி வளையம் உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் டிரான்சிஸ்டர் மின்சாரத்தைக் கடத்தும் ஒவ்வொரு முறையும் சப்ளை நேரே குறுக்கிணைப்பாகும் (ஷார்ட் சர்க்யூட்). அதனால் வளையத்தை இருமுறை பார்த்துவிட்டு மின்சாரம் கொடுங்கள்.

டிரான்சிஸ்டரை மாற்றும்போது கால்களின் வரிசையிலும் கவனம் தேவை. பிசி 547-ஐத் தட்டையான முகம் உங்களைப் பார்க்கும்படி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். கடையில் "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று 2என்3904 கொடுத்தால், வேலை ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் கால் வரிசை நேர் எதிர். கையில் இருப்பது எதுவென்று ஐயம் வந்தால் மீட்டரின் டையோடு அளவையில் வையுங்கள்: பேஸில் சிவப்பு முனையை வைத்து மற்ற இரு கால்களையும் கருப்பால் தொட்டால் இரண்டிலும் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே எந்தப் பக்கம் வைத்தாலும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் அந்த டிரான்சிஸ்டர் முடிந்தது. அவ்வகையில் இறந்த டிரான்சிஸ்டர், ரிலேயை இழுத்த நிலையிலேயே விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

பிரெட்போர்டைப் பற்றி இரண்டு செய்திகள். நீளமான பலகைகள் பலவற்றில் ஓரத்துப் பாசிட்டிவ், நெகட்டிவ் பட்டைகள் நடுவில் துண்டாகியிருக்கும். சிவப்புக் கோடும் அந்த இடத்தில் விட்டிருக்கும், ஆனால் யார் கவனிக்கிறோம்? தொழிலுக்கு வந்த புதிதில், பலகையின் வலப்பாதிக்கு மின்சாரமே போகவில்லை என்று அறியாமல், ஒரு சுற்றில் இருந்த எல்லாப் பாகங்களையும் இரவு முழுக்க மாற்றிக்கொண்டிருந்தேன். காலையில் இரண்டு அங்குலக் கம்பித் துண்டு ஒன்றால் அது சரியாயிற்று. மற்றொன்று, உங்கள் ரிலேயின் தடித்த கால்கள் பலகையின் துளை இடைவெளிக்குப் பொருந்துவதில்லை. அவற்றை வற்புறுத்திச் செருகினால் உள்ளே இருக்கும் கவ்விகள் விரிந்து, பிறகு மெல்லிய கால் எதையும் பிடிக்காமல் போகும். ரிலேயின் கால்களில் கம்பிகளைப் பற்றவைத்து, அந்தக் கம்பிகளைப் பலகையில் செருகுவதே முறை. இதுவரை ரிலேயைச் செருகியிருந்த துளைகளை இனிப் பயன்படுத்தாதீர்கள்.

மீட்டரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மின்னோட்டத்தை அளக்க விரும்பிச் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றினால், அளந்து முடித்த கையோடு அதை வோல்ட் துளைக்குத் திருப்பிவிடுங்கள். அந்தத் துளையில் முனை இருக்கும்போது மீட்டர் வெறும் கம்பிக்குச் சமம். அப்படியே பேட்டரியின் இரு முனைகளைத் தொட்டால் குறுக்கிணைப்புதான். மலிவான மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸும் இருப்பதில்லை.

சரி, கொலுவுக்கு என்ன செய்வது? ரிலேயையே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. இவ்வகைச் சிறு ரிலேக்களின் தொடுமுனைகளுக்கு, முழுச் சுமையில் ஏறத்தாழ 1,00,000 முறை என்று விவரத்தாளில் ஆயுள் குறித்திருப்பார்கள். வினாடிக்கு ஒருமுறை என்றால் மாலையில் நான்கு மணி நேரத்துக்கு 14,400 முறை. ஒன்பது நாளுக்கு 1,29,600 முறை. சுமை குறைவு என்பதால் இன்னும் சில காலம் தாங்கலாம், ஆனால் ஓயாத டிக் டிக் ஓசைக்கு நடுவே சுண்டல் வாங்க வரும் குழந்தைகள் பாட்டுப் பாட வேண்டியிருக்கும்.

பட்டை விளக்குக்கு 12 வோல்ட் அடாப்டர் எப்படியும் தேவை. அதிலிருந்தே 555-க்கும் மின்சாரம் கொடுங்கள். சாதாரண 555 தாங்கும் உச்சம் 16 வோல்ட் என்பதால் 12 வோல்ட் அதற்கு வசதியான அளவு. ஆனால் இணைப்பதற்கு முன் அடாப்டரை வெறுமனே அளந்து பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய, கனமான அடாப்டர்கள் 12 என்று எழுதியிருந்தாலும் சுமையில்லாதபோது 16, 17 வோல்ட் காட்டக்கூடும். அப்படிப்பட்டது இதற்கு ஆகாது. ரிலேயும் பிசி 547-உம் இருந்த இடத்தில் ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ஒருவகை டிரான்சிஸ்டர்) ஒன்று போதும். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். 3-ஆம் காலிலிருந்து 100 ஓம் வழியாக கேட்டுக்கு, கேட்டிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக நெகட்டிவ்வுக்கு, சோர்ஸ் நேரே நெகட்டிவ்வுக்கு, பட்டை விளக்கின் நெகட்டிவ் கம்பி டிரெயினுக்கு, அதன் பாசிட்டிவ் கம்பி நேரே அடாப்டருக்கு. பட்டை 2 ஆம்பியர் இழுத்தாலும் இந்த மாஸ்ஃபெட் வெதுவெதுப்புக்கூடக் காட்டாது. அந்த 2 ஆம்பியரைப் பிரெட்போர்டு வழியாகக் கொண்டுபோகாதீர்கள்; பட்டைக்குப் போகும் தடித்த கம்பிகளையும் சோர்ஸிலிருந்து அடாப்டரின் நெகட்டிவ்வுக்கு வரும் கம்பியையும் மாஸ்ஃபெட்டிலும் அடாப்டர் முனையிலும் நேரே பற்றவையுங்கள். பலகையில் கேட்டுக்கான மெல்லிய கம்பியும் ஐசிக்கான சப்ளையும் மட்டும் இருக்கட்டும். அடையாளத்துக்கு வைத்த சிறிய எல்இடியின் ரெசிஸ்டரை 1 கிலோ ஓம் ஆக்கிவிடுங்கள். விளக்கொளியில் பழுப்பு-கருப்பு-சிவப்பும் பழுப்பு-கருப்பு-ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். முன்னது 1 கிலோ ஓம், பின்னது 10 கிலோ ஓம், ஆகவே மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டே செருகுங்கள்.

ஐசியின் 8-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் இடையே, கால்களை ஒட்டி, 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றும், 25 வோல்ட் தாங்கும் 100 மைக்ரோ ஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் ஒன்றும் வையுங்கள். பின்னதில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். வெளியீடு மாறும் கணத்தில் 555 சப்ளையிலிருந்து ஒரு வாய் மின்னோட்டத்தை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் உள்ளது. பக்கத்திலேயே குடத்தில் தண்ணீர் வைத்ததுபோல் இவை அதைக் கொடுத்து ஈடுசெய்யும். 4-ஆம் காலை நேரே பாசிட்டிவ்வுடன் இணையுங்கள். உங்கள் வரைபடத்தில் அது அந்தரத்தில் நிற்கிறது. அப்படி விட்ட கால் அருகில் கை கொண்டுபோனால்கூட மனம் மாறக்கூடியது. 5-ஆம் காலிலிருந்து நெகட்டிவ்வுக்கு 103 என்று அச்சிட்ட செராமிக் ஒன்று போதும்.

சீரியல் செட்டைப் பொறுத்தவரை என் பதில் தெளிவாக "வேண்டாம்" என்பதே. பிரெட்போர்டு 230 வோல்ட்டுக்காகச் செய்த பொருள் அன்று. அதன் துளைகளின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், உள்ளே கவ்விகளுக்கு நடுவே அதைவிடக் குறைவு. கம்பி கழன்று விழுந்தால், கொலுப்படிக்குக் கீழே பட்டுத் துணியும் காகிதமும் இருக்கும் இடத்தில், குழந்தைகள் கைவைக்கும் உயரத்தில், மின்சாரம் உள்ள கம்பி கிடக்கும். தானே மின்னும் சீரியல் செட்டுகள் கடையில் கிடைக்கின்றன. அதை வாங்கித் தனி பிளக்கில் செருகுங்கள். உங்கள் கைவேலை 12 வோல்ட்டிலேயே இருக்கட்டும்.

மாற்றங்களை ஒரே மூச்சில் செய்யாமல், முதலில் அடாப்டரில் 555-உம் சிறிய எல்இடியும் மட்டும், பிறகு மாஸ்ஃபெட், கடைசியில் பட்டை விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் 8-ஆம் காலை அளந்து தாளில் எழுதிவையுங்கள். அப்போதும் சரிவராவிட்டால் நான்கு எண்களை எனக்கு எழுதுங்கள்: விளக்கு எரியும்போதும் அணைந்திருக்கும்போதும் 8-ஆம் காலில் உள்ள வோல்ட், 6-ஆம் காலில் மீட்டர் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை ஏறி இறங்குகிறது (4-க்கும் 8-க்கும் இடையே இருக்க வேண்டும்), விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் கேட்டில் உள்ள வோல்ட், அதே நேரத்தில் டிரெயினில் உள்ள வோல்ட். மீட்டரின் கருப்பு முனை எல்லா அளவுகளுக்கும் ஐசியின் 1-ஆம் காலிலேயே இருக்கட்டும்.